கரடிப் பொடவில் மூன்று துப்பாக்கிகள்

சனிக்கிழமைக்குள் துப்பாக்கி கண்ணில் படவில்லையென்றால் அப்பாவைக் கட்டிலோடு தூக்கிப்போவேன் என்று புது எஸ்.ஐ. சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் விடிந்ததும் தவசிலிங்கம் கரடிப் பொடவுக்குக் கிளம்பினான். கிளம்பினான் என்பது மரியாதைக்காகச் சொல்வது. உண்மையில், கிளப்பப்பட்டான்.

பொடவு என்றால் அந்த மலைக்காரர்கள் பேச்சில் குகை. கரடி என்றால் எல்லா ஊரிலும் கரடிதான்.

அப்பா சடையப்பனின் காப்பித் தோட்டத்துக்குப் பன்றித் தொல்லை உண்டு. அதற்காக லைசென்ஸ் துப்பாக்கியும் உண்டு. ஒற்றைக்குழல். பின்பக்கம் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி ஒரு போல்ட். அதைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் தோட்டா போடும் வாய் திறக்கும்; தள்ளி மடக்கினால் மூடும். தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் எல்லோரும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பொருள் ஒவ்வொரு முறையும் ஒரு கீறலோடு திரும்பி வந்ததில் சடையப்பனுக்கு மனம் விட்டுப்போயிற்று. போன தேர்தலுக்கு, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, துப்பாக்கியை உரச்சாக்கில் சுற்றிக் கரடிப் பொடவில் செருகிவிட்டு வந்தார். திரும்ப எடுப்பதற்குள் பலாமரத்திலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். மழைக்காலங்கள் வந்தன, போயின. அவரால் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை.

அப்பாவுக்குப் பதிலாகத் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்று லைசென்ஸில் இருந்த ஒரே பெயர் தவசிலிங்கம். அடிவாரத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். அவன் இதுவரை செய்த ஆபத்தான காரியம், உடைந்த கண்ணாடித் திரையை வெறும் கையால் தொட்டது.

“உள்ள தோட்டா கீட்டா இருக்காப்பா?” என்று கிளம்பும்போது கேட்டான்.

“எடுத்துட்டுத்தான் வச்சேன். அம்புட்டுக் கூறு எனக்கு இருக்குடா” என்றார் அப்பா.

மகன் தலையாட்டினான், நம்பவில்லை. பலாமரத்துக் கிளை தாங்கும் என்று சொன்னவரும் இவர்தான்.

கூட வந்தது இரண்டு பேர். தங்கை குணசுந்தரி, லைசென்ஸைப் போட்டோ எடுத்த போனோடும் சாப்பாட்டுத் தூக்கோடும் முன்னால் நடந்தாள். நண்பன் இன்னாசி, வெல்டிங் பட்டறைக்காரன், எண்ணெய்க் கேனோடு பின்னால் வந்தான். நடுவில் நடப்பதுதான் பாதுகாப்பு என்று தவசி கணக்குப் போட்டிருந்தான். அட்டைகளும் அப்படியே கணக்குப் போட்டன போலும். நடுவில் வந்தவன் காலில்தான் எல்லாம் ஏறின.

ஓடையைத் தாண்டி, புல்லைப் பிடித்துப் பாறையில் ஏறி, பொடவு வாசலுக்கு வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. வாசலில் கரடி போட்டுவிட்டுப் போன இலந்தைக் கொட்டைக் குவியல். காய்ந்துதான் இருக்கிறது என்று இன்னாசி ஒரு குச்சியால் கிளறிச் சொன்னான். ஈரமாக இருந்தால் என்ன செய்வோம் என்று தவசி கேட்டபோது அவன் டார்ச்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டார்ச் வெளிச்சத்தில் உள்ளே போனார்கள். இடுக்கில் உரச்சாக்கு தெரிந்தது. தவசிக்கு உயிர் வந்தது. பக்கத்தில் இன்னொரு உரச்சாக்கு. அதற்கும் பின்னால் இன்னொன்று. பிரித்தால், மூன்றிலும் துப்பாக்கி. மூன்றும் ஒற்றைக்குழல், மூன்றும் போல்ட் வைத்தது, மூன்றிலும் ஒரே மாதிரி துரு. மரப்பிடிக் கட்டைகளைக் கறையான் சமமாகப் பங்கு போட்டிருந்தது.

இந்த இடம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அப்பா கற்பூரம் அடிக்காத குறையாகச் சொல்லியிருந்தார். ஊரில் இன்னும் இரண்டு பேர் வீட்டிலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

“ஊரே ஸ்டேஷனுக்குப் பதிலா கரடிட்டத்தான் டெபாசிட் பண்ணியிருக்கு” என்றாள் குணசுந்தரி.

சிரித்து முடித்ததும் பயம் வந்தது. கீழே வனத்துறைச் சோதனைச் சாவடி இருக்கிறது. அடுத்தவன் துப்பாக்கியோடு அங்கே மாட்டினால் அப்பாவோடு சேர்த்து மூன்று பேரும் உள்ளே போக வேண்டியதுதான். குழலில் வெட்டியிருக்கும் நம்பர் ஒன்றுதான் அடையாளம். அது துருவுக்கு அடியில் கிடந்தது.

உப்புத்தாளைப் போட்டு ஒரே தேய்ப்பாகத் தேய்த்துவிடலாம் என்று தவசி யோசனை சொன்னான். துருவோடு நம்பரும் போய்விடும், அப்புறம் உன் மூஞ்சியைக் காட்டித்தான் அடையாளம் சொல்ல வேண்டும் என்று இன்னாசி அவனை உட்கார வைத்தான். தேய்ப்பதற்கு முன்னால் வேறு வேலை இருந்தது. மூன்று குழல்களையும் ஆள் இல்லாத பக்கம் திருப்பி வைத்தான். ஒரு நேரான மூங்கில் குச்சியை முன்வாய் வழியாக மெதுவாக விட்டு, நின்ற இடத்தில் அடையாளம் போட்டு, வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பார்த்தான். முதல் துப்பாக்கியில் குச்சி போல்ட் வரைக்கும் போயிருந்தது. காலி. மூன்றாவதும் காலி. இரண்டாவதில் மட்டும் குச்சி ஒரு விரல் நீளம் முன்னாலேயே நின்றுவிட்டது.

ஒரு தோட்டாவின் நீளமும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

காலியாக இருந்த இரண்டையும் முதலில் எடுத்தார்கள். நம்பர் இருந்த இடத்தில் எண்ணெய் விட்டு ஊறவைத்து, தவசியின் வீட்டுப் பித்தளைச் சாவியை வாங்கி அதன் விளிம்பால் இன்னாசி மெல்லச் சுரண்டினான். பித்தளை இரும்பைவிட மிருது. துருவைப் பெயர்க்கும், எழுத்தைத் தொடாது. பழுப்புக் குழம்பைத் துடைக்கத் துடைக்க இலக்கங்கள் தலைகாட்டின. குணசுந்தரி போனைப் பார்த்தாள். இல்லை என்றாள். அடுத்ததற்கும் இல்லை.

மிச்சம் இருந்தது குச்சி பாதியில் நின்ற துப்பாக்கி. அதன் நம்பரை அவள் இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டு, “இதுதாண்ணே அப்பாவோடது” என்றாள். யாருக்கும் சந்தோஷம் வரவில்லை.

அம்புட்டுக் கூறு. தவசிக்கு ஆத்திரமாக வந்தது. தோட்டாவோடு சறுக்குப் பாறையில் இறங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. போல்ட்டைத் திறந்தாக வேண்டும். அதுவோ ஒட்டவைத்தது போல் இறுகியிருந்தது. இடுக்கெல்லாம் எண்ணெய் விட்டு, ஊறட்டும் என்று காத்திருந்தார்கள்.

அப்போதுதான் வீட்டுக்காரர் வந்தார்.

வாசலை அடைத்துக்கொண்டு நின்றது கரடி. மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. உள்ளே மூன்று துப்பாக்கி, மூன்று மனிதர்கள், சுடும்படியாக ஒன்றும் இல்லை. தவசி ஒரு துப்பாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டினான். குணசுந்தரிதான் தூக்குச்சட்டி மூடியைப் பாறையில் படபடவென்று அடித்தாள். குகை முழுக்க மணியடித்தது போல் இரைந்தது. கரடி சற்று யோசித்தது. இந்த வீட்டுக்கு இப்போது வாடகைக்கு வந்திருப்பவர்கள் சரியில்லை என்று தீர்மானித்தது போல் திரும்பி, புல்லுக்குள் இறங்கிப் போய்விட்டது.

“சுட்டிருக்கலாம்ல மாப்ள” என்றான் இன்னாசி.

தவசி அணைத்திருந்த துப்பாக்கியைக் கீழே வைத்தான். யாரும் கேட்காமலே, அப்பாவின் துப்பாக்கியை எடுத்து முன்வாயைக் குகையின் மண்தரைப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். பெயர் இருப்பது அவனுக்குத்தானே. தங்கையைப் பாறைக்குப் பின்னால் போகச் சொன்னான். இன்னாசி ஒரு மரத்துண்டால் போல்ட்டின் கைப்பிடியைக் கீழிருந்து மேலாகத் தட்டினான். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் எண்ணெய். மறுபடி தட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு தவசி கண்ணை மூடினான். கிறீச்சென்று ஒரு சத்தம். கைப்பிடி எழும்பியது. இன்னாசி மெதுவாகப் பின்னால் இழுத்தான்.

வெளியே விழுந்தது மண்.

உருண்டை உருண்டையாகக் காய்ந்த மண். நடுவில் சருகான குட்டிச் சிலந்திகள். குளவி தன் புழுக்களுக்கு இரை வைத்துக் கட்டிவிட்டுப் போன கூடு. தவசி குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான், விரலை விட்டுத் துழாவினான். தோட்டா இல்லை.

“எடுத்துட்டுத்தான் வச்சிருக்காரு” என்றான். அப்பாவை நம்பாமல் வந்தது அப்போதுதான் உறைத்தது. அதை மறைக்கச் சிரித்தான். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். கரடி திரும்பி வந்திருந்தால் அதுவும் சிரித்திருக்கும்.

மற்ற இரண்டையும் இருந்த இடத்திலேயே சுற்றி வைத்துவிட்டு இறங்கினார்கள். சாவடியில் லைசென்ஸையும் நம்பரையும் ஒத்துப் பார்த்து விட்டுவிட்டார்கள்.

வீட்டில் இன்னாசி போல்ட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான். குழலுக்குள் எண்ணெய்த் துணியை விட்டு இழுத்து இழுத்து, கறுப்பாக வந்த துணி வெள்ளையாக வரும்வரை விடவில்லை. கறையான் தின்ற கட்டையைச் சுரண்டி, பலாமரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, தவசி ஆளிவிதை எண்ணெய் தேய்த்தான். அப்பா கட்டிலிலிருந்தே குறை சொல்லிக்கொண்டிருந்தார். குளவிக்கூட்டின் கதையைக் கேட்டபோது மட்டும், “நான் சொன்னேன்ல” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மகன் நம்பவில்லை என்பது அவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

சனிக்கிழமை வாடகை ஜீப்பில் மெத்தை போட்டு அவரையும் ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போனார்கள். எஸ்.ஐ. போல்ட்டை இழுத்துப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி வந்தது. நம்பரைப் பார்த்தார். இத்தனை நாள் எங்கே இருந்தது என்றார். தவசி தயாராக வைத்திருந்த பொய்யை எடுப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“பொடவுல ஒளிச்சு வச்சேன் சார். பத்திரமா இருக்கும்னு நெனச்சேன். ஒங்க ஸ்டேஷன்ல ஒரு கீறல்தான் விழுந்துச்சு. நான் பாதியக் கறையானுக்குக் குடுத்துட்டேன்.”

எஸ்.ஐ. வெகுநேரம் திட்டினார். திட்டி முடித்ததும் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்து, வீட்டுக்குப் போகச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவர் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். துப்பாக்கியை ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறார்களாம். தவசி அவர்கள் காதருகே குனிந்து, தூக்குச்சட்டி மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள் என்றான்.

ஜீப் வளைவுகளில் ஏறத் தொடங்கியது. இத்தனை நாளாக இரவெல்லாம் கொட்டக்கொட்ட விழித்துக் கிடந்த மனிதர், முதல் வளைவு தாண்டுவதற்குள் மகன் தோளில் சாய்ந்து குறட்டை விட்டார். தோள் மரத்துப்போயிற்று. ஊர் வந்து சேரும்வரை தவசி அதை அசைக்கவில்லை.