நாலு வாட்டி

பரசுராமன் திருமலையை ஆட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கியபோது காலை மணி எட்டு. பிள்ளைப்பாக்கத்தில் அதற்குள் வெயில் ஏறியிருந்தது. அவனால் கண்ணைத் திறக்க முடியவில்லை.

முந்தின நாள் மாலை பரண்மேல் இருந்த பெட்டியை எடுக்க ஸ்டூலில் ஏறினான். ஸ்டூல் புரண்டது. பின்மண்டை ஆட்டுக்கல்லில் மோதியது. இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் வாந்தி. மூளை அதிர்ந்திருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று சொல்லி காலையில் டாக்டர் அனுப்பிவிட்டார். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்ப வேண்டும். பேர் என்ன, என்ன கிழமை என்று கேட்க வேண்டும். பதில் குழறினால் உடனே தூக்கி வர வேண்டும்.

இதே வார்த்தைகளை அவன் எட்டு மாதத்துக்கு முன்பும் கேட்டிருந்தான். மனைவி லீலாவுக்காக.

"பரண்மேல இன்னா, புதையலா வெச்சிகீறே?" என்றார் பரசுராமன். பக்கத்து வீட்டுக்காரர். அவன் வேலை செய்யும் கம்பெனியில் அவனுக்கு மூத்தவர். சேரப்பணஞ்சேரிக்கு ஆள் அனுப்பி மாமியாரை வரவழைத்திருந்ததும் அவர்தான்.

செல்லம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். மாப்பிள்ளை தன் மகளைப் பார்த்துக்கொண்ட மாதிரியே தானும் பார்த்துக்கொள்வதாகப் பரசுராமனிடம் சொன்னாள். நாலு வாட்டி எழுப்பினாராம், நாலு வாட்டியும் பொண்ணு நல்லாப் பேசினாளாம், அவள் தலையெழுத்து அவ்வளவுதான் என்றாள். ஊரெல்லாம் அவள் இப்படித்தான் சொல்லிவந்தாள்.

திருமலை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

விரல்கள் நெற்றியில் பட்டபோது விழிப்பு வந்தது. குளிர்ந்த, ஈரமான விரல்கள். துணி சோப்பு வாசனை.

"உங்க பேரு இன்னா?"

"திருமலை."

"இன்னிக்கி இன்னா கெழம?"

"வியாழன்."

விரல்கள் விலகின. அத்தை துணி துவைத்துக்கொண்டிருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனான்.

இரண்டாம் தடவையும் அதே விரல்கள். பேர் சொன்னான். கிழமை சொன்னான். விரல்கள் விலகவில்லை.

"என்னிய எத்தினி வாட்டி எழுப்புனீங்க?"

"நாலு" என்றான், எல்லோரிடமும் சொல்லிப் பழகிய வேகத்தில்.

பிறகுதான் கண்ணைத் திறந்தான்.

அறையில் யாரும் இல்லை.

நடு மதியம். ஓட்டின் இடுக்கு வழியே வெயில் தரையில் காசு காசாக விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில், கட்டிலிலிருந்து பின்கதவு வரை, ஈரப் பாதச் சுவடுகள் காய்ந்துகொண்டிருந்தன. பின்கட்டில் குழாயடி. எட்டு மாதத்துக்கு முன், அங்கே படிந்த பாசியில்தான் லீலா வழுக்கி விழுந்தாள்.

தூங்கக் கூடாது என்று உட்கார்ந்தான். தலை சுற்றியது. சாய்ந்தான்.

மூன்றாம் தடவை அவள் அவன் பேரைக் கேட்கவில்லை. கிழமையும் கேட்கவில்லை.

"எத்தினி வாட்டி?"

நாலு என்று சொல்ல வாயெடுத்தான். நாக்கு எழவில்லை. விரல்கள் மெல்லப் பின்னால் நகர்ந்து, மண்டையின் வீக்கத்தின்மேல் வந்து நின்றன.

அழுத்தவில்லை. காத்திருந்தன.

சாயங்காலம் செல்லம்மாள் பதறிக்கொண்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். கண்கள் தூக்கத்தில் வீங்கியிருந்தன.

"மாப்ளே, தப்பு பண்ணிட்டேன். செத்த சாஞ்சவ அப்பிடியே தூங்கிட்டேன். உங்கள ஒரு வாட்டிகூட எழுப்பல. நீங்க எம்பொண்ண எப்பிடிப் பாத்துக்கினீங்க. எனுக்கு அந்தப் பொறுப்பு இல்லியே."

அவன் அவள் கையைப் பார்த்தான். காய்ந்த, சூடான, வெங்காய வாசனை அடிக்கும் கை.

அவள் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"அத்தே, நான் எழுப்பல."

அவள் புரியாமல் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். அன்று நைட் ஷிப்ட்டோடு ஓ.டி.யும் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து லீலாவைக் கூட்டிவந்து படுக்க வைத்தது. பத்து மணிக்கு எழுப்பலாம் என்று பக்கத்தில் சாய்ந்தது. கண்ணைத் திறந்தபோது மாலை ஐந்து. அவள் கை சில்லிட்டிருந்தது.

"தூங்கிட்டீங்களா?" என்றாள் செல்லம்மாள்.

தலையாட்டினான்.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்துபோய்க் கஞ்சி காய்ச்சினாள். அவன் முன்னால் வைத்தாள். தான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. கரண்ட் போனது. சிம்னி விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, அவனுக்கு முதுகு காட்டாமல், மல்லாந்து பாயில் படுத்தாள்.

அவன் விழித்திருந்தான். மின்விசிறி நின்றுபோன அறையில் அவள் மூச்சு சீராக ஏறி இறங்கியது.

"செல்லம்மா."

அத்தையின் குரல்தான். யாருக்கோ பதில் சொல்வதுபோல.

"வியாழன்."

திருமலை மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். அவள் கண்கள் மூடியிருந்தன. நல்ல தூக்கம்.



"இல்லம்மா" என்றாள் தூக்கத்திலேயே, குழந்தைக்குச் சொல்வதுபோல. "எழுப்பவே இல்லியாம். தூங்கிட்டாராம்."

காற்றே இல்லை. விளக்கின் சுடர் அசையவில்லை.

அவள் நெற்றியில் புரண்டு கிடந்த நரைமுடி மட்டும் மெல்ல விலகி, காதோரம் படிந்தது.