பாறையின் கை

கருவி ஸ்டாண்டில்தான் இருந்தது, யாரும் தொடவில்லை. ஆனால் அதன் திரையில் தெரிந்த வீடு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் முதலில் சென்சார்களைத்தான் சந்தேகித்தாள். காலை பத்தரை மணி. வெளியே வெயில் கொளுத்தினாலும், சுவர், தரை, கூரை எல்லாம் கறுப்படித்த, பேருக்கு ஒரு ஜன்னல்கூட இல்லாத இந்தக் கூடத்துக்குள் பகலும் இரவும் ஒன்றுதான். கூரையில் வரிசையாகப் பதித்த சென்சார்களின் ரீங்காரமும், புது ரப்பரின் வாசனையும், எலும்பைத் தொடும் ஏ.சி. குளிரும் மட்டும் இருந்தன. பன்னிரண்டு மணிக்குப் படக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். அவளும் அண்ணனும் மூன்று வருடம் உயிரைக் கொடுத்து வடிவமைத்த கருவி இது. இரண்டு கைப்பிடி, நடுவில் திரை, உடம்பெங்கும் வெள்ளைப் பொட்டுகள். இதைப் பிடித்துக்கொண்டு வெறும் கூடத்தில் நடந்தால், சென்சார்கள் பொட்டுகளைப் பின்தொடரும்; இந்தக் கூடத்தின் படிகள் வரை அளவெடுத்துக் கம்ப்யூட்டருக்குள் கட்டிய வீட்டில் கேமராவும் அப்படியே நடக்கும்.

இதுபோல் இரண்டு கருவிகள். மற்றது அண்ணனிடம் இருந்தது. கூடத்தின் மறுகோடியில் ஆறு படி ஏறினால் வரும் கண்ணாடி அறையில் அவன் கடைசிச் சோதனை பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்கள் இருட்டில் முட்டிக்கொள்ளக் கூடாதென்று, ஒரு கருவியின் திரையில் மற்றது சாம்பல் நிறப் பெட்டியாகத் தெரியும்படி அவள்தான் செய்திருந்தாள்.

அவள் கருவியைத் தூக்கி இடப்பக்கம் திருப்பினாள். திரையிலிருந்த வீடு திரும்பவில்லை. காட்சி தன்பாட்டுக்கு வீட்டின் நடைவழியில் முன்னேறிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் மூச்சை இழுத்து ஒரு நொடி நின்று, வலப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, மறுபடி நிமிர்ந்து.

அந்த மூச்சு அவளுக்குத் தெரியும். அந்த வலப்பக்கத் தாழ்வும் தெரியும்; கணவனின் வலது மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருந்த காலத்தில், ஆறு வாரம் சோறு ஊட்டியவள் அவள்தான்.

"அண்ணா, பழைய பதிவு ஏதாவது ஓடுதா?"

ஸ்பீக்கரில் அண்ணன் குரல் இலேசாகச் சிரித்தது. "பழைய பதிவு ஏதும்மா? மாப்பிள்ளையோடது எல்லாத்தையும் அன்னிக்கே அழிச்சாச்சு. நீதானே அழிக்கச் சொன்ன."

ஆமாம், அவள்தான் சொன்னாள். கேமராமேனான அவள் கணவனை யூனிட்டில் எல்லாரும் பாறை என்றுதான் கூப்பிடுவார்கள். விளிம்பு வரை காபி ஊற்றிக் கொடுத்தால் ஊரைச் சுற்றி வந்தாலும் ஒரு சொட்டுச் சிந்தாத கை. கைப்பிடியின் வளைவையே அந்தக் கைக்கு அளவெடுத்துத்தான் செதுக்கினாள். எட்டு மாதத்துக்கு முன், அவள் இல்லாத ஒரு நாளில், இதே கூடத்தில், கருவியைப் பிடித்தபடியே மாரடைப்பில் விழுந்து போய்ச் சேர்ந்தான். கண் மூடி முழிக்கிறதுக்குள்ள போயிட்டாரும்மா, கொஞ்சமும் கஷ்டப்படல என்று அண்ணன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்குத் திரும்பி வந்தாள். கூடப் பிறந்தவன் சொல்லை நம்பாமல் வேறு யார் சொல்லை நம்புவது?

திரையின் மூலையில் பதிவின் கடிகாரம் ஓடியது. அவன் விழுந்த பிறகும் அது ஓடியிருக்கும். கருவியை ஸ்டாண்டில் வைக்கும் வரை பதிவு நிற்காது. நல்ல ஷாட் ஒன்று கைதவறிப் போய்விடக் கூடாதென்று அவளே எழுதிய விதி அது.

வீடு சாய்ந்தது. சுவர், கூரை, தரை. பிறகு தரை மட்டும்.

தரை நடுங்கியது.

பாறையின் கை நடுங்கியது. ஒரு நிமிடம். நான்கு நிமிடம். நடையின் கோடியில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வந்து நின்றது, ஒரு ஆளின் நெஞ்சுயரத்தில். அது ஓடி வரவில்லை. நிதானமாக நடந்து வந்தது. பக்கத்தில் வந்து குனிந்தது. பார்த்தது. மறுபடி நிமிர்ந்து, எடையைக் கால் மாற்றி நிற்பவனைப் போல் இலேசாக ஆடியது. ஒன்பது நிமிடம். பதினாறு. நடுக்கம் குறைந்து, வலுத்து, குறைந்து, இருபத்திரண்டாவது நிமிடத்தில் நின்றது. அதற்குப் பிறகுதான் பெட்டி நகர்ந்தது.

அவளுக்கு எல்லாம் புரிந்தது. பாறையின் கை நடுங்காது, அதுதான் அவர்களுக்கு அப்போது இருந்த ஒரே தலைவலி. நடுக்கத்தைக் களைகிற புரோகிராமுக்கு, கைப்பிடிக்கு அளவான அந்தக் கையின் நிஜமான நடுக்கம் வேண்டும், மணிக்கணக்கில் எடுத்தும் அது கிடைக்கவில்லை. அவன் போன மறுவாரம் திடீரென்று எல்லாம் சரியாகிவிட்டது. நான் கண்ணு முழிச்சு சரி பண்ணேன் என்றான் அண்ணன். அவள் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

"இருபத்திரண்டு நிமிஷம்ணா," என்றாள். "இருபத்திரண்டு நிமிஷம் பக்கத்துலயே நின்னிருக்க. ஒரு ஃபோன் பண்ணக் கூடாதா? நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டியே."

ஸ்பீக்கர் இரைந்தது. அண்ணன் பேசினான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அந்தக் காட்சிய நீ பார்க்கக் கூடாதுன்னுதான் அழிச்சேன். நம்ம அம்மா மேல சத்தியமா அழிச்சேன். எனக்கு வேண்டிய நடுக்கத்தை மட்டும்தான் எடுத்தேன். இப்ப உன் திரையில ஓடுறது பதிவு இல்லம்மா. இங்க லைவ்னு காட்டுது."

திரையில் தரை விலகியது. எழுந்தது. மூச்சை இழுத்து ஒரு நொடி நின்றது.

படிகள். ஒன்று. இரண்டு. கண்ணாடி அறைக்கான ஆறு படிகளும்.

மேலே சாம்பல் பெட்டி. பின்னுக்கு நகர்ந்தது. சுவர் தடுத்தது.

"யாரும்மா அது கதவுகிட்ட? நீயா? ஏய், நீயா?"

அவள் கூப்பிட்டிருக்கலாம். ஓடியிருக்கலாம். வாயைத் திறக்கவே இல்லை. பெட்டி திரை முழுதும் நிறைந்தது. ஸ்பீக்கரில் ஏதோ உடைந்தது. பெட்டி தரையில் கிடந்தது. துடித்தது. திரை அதன் மேல் குனிந்து, பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவளும் பார்த்தாள். துடிப்பு நிற்கும் வரைக்கும் பார்த்தாள்.

திரை திரும்பியது.

அதற்கு முன்னால் அந்த மூச்சு.

படிகளுக்குக் கீழே, வெறும் நடையின் மறுகோடியில், இன்னொரு சாம்பல் பெட்டி. நெஞ்சுயரத்தில். தனியாக. அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். அதுவும் நகர்ந்தது.

"எனக்குத் தெரியாதுப்பா," என்றாள். "சத்தியமா எனக்குத் தெரியாது."

அந்த நடுக்கம் எங்கிருந்து கிடைத்தது என்று அண்ணனிடம் அவள் கேட்டதே இல்லை. கேட்க வேண்டுமென்று தோன்றியிருந்தது, ஒரு தடவை. கேட்கவில்லை.

திரை இறங்கியது. ஆறு. ஐந்து. நான்கு.

கறுப்புக் கூடத்தில் காலடிச் சத்தம் எதுவும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் எதிரில் இருட்டு மட்டும்தான் இருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். நிமிரவில்லை. கருவியை விடப் பார்த்தாள். விரல்கள் பிரியவில்லை. அவள் விரல்களுக்கு மேலே, ஒவ்வொன்றாக, வேறு விரல்கள் அந்த வளைவில் கச்சிதமாக வந்து பொருந்தின.

அவை நடுங்கிக்கொண்டிருந்தன.