கண்ணாடியோடு மல்லுக்கட்டிய வாலாட்டி

அந்தத் தெருவில் எல்லோரும் அவளை ‘ஸ்பீக்கர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ரகசியம் சொன்னால்கூடப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பறவை பார்ப்பதில் பைத்தியமாக இருப்பவளுக்கு இப்படி ஒரு தொண்டையா வாய்க்க வேண்டும்? “அதோ, மீன்கொத்தி!” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் மீன்கொத்தி கம்பி நீட்டியிருக்கும்.

அவளுடைய அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். விடுமுறை நாட்களில் ஸ்பீக்கரும் காரின் பின்சீட்டில் ஏறிக்கொள்வாள். கார் ஓட்டிப் பழகும் மைதானத்தின் ஓரத்தில், குழாய்த் தண்ணீர் தேங்கி எப்போதும் ஈரமாகக் கிடக்கும் புல்தரை ஒன்று உண்டு. குளிருக்கு ஒதுங்க வந்த பறவைகள் வடக்கே வீடு திரும்பும் மாதம் அது. போகிற வழியில் சில பறவைகள் அங்கே இறங்கி, வயிறு நிறையப் பூச்சி பிடித்துத் தின்றுவிட்டுப் போகும்.

அன்று காரை ஓட்டியது தையல்கார அக்கா. ரிவர்ஸ் என்றாலே அவருக்குப் பிரேக் எது, கிளட்ச் எது என்று குழம்பிவிடும்.

“சைடு கண்ணாடியைப் பாத்து மெதுவா பின்னாடி எடுங்கம்மா,” என்றார் அப்பா.

“கண்ணாடில குருவி நிக்குது சார்!”

“இப்படித்தான் தினமும் ஒரு சாக்கு.”

“சத்தியமா சார்! என்னை முறைச்சு வேற பாக்குது.”

அப்பா எட்டிப் பார்த்தார். எலுமிச்சம்பழ நிறத்தில் வயிறு, நீண்ட வால், குச்சிக் கால். கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தையே அது ‘டொக் டொக்’ என்று கொத்திக்கொண்டிருந்தது.

“மஞ்சள் வாலாட்டி!” என்று கத்தினாள் ஸ்பீக்கர். தையல்கார அக்கா திடுக்கிட்டுப் பிரேக்கை மிதித்தார். குருவி மட்டும் அசையவே இல்லை. “உள்ள இன்னொரு வாலாட்டி இருக்குன்னு நினைச்சுக்கிட்டு சண்டை போடுதுப்பா!”

அப்பாவின் போனில் படம் எடுத்து, ஊரிலுள்ள பறவை ஆர்வலர்களின் குழுவுக்கு உடனே அனுப்பினாள். ‘மஞ்சள் வாலாட்டி, ஒன்று. மைதானத்தில் எங்கள் காரோடு குஸ்தி.’

குழுவின் தலைவர் பல் டாக்டர். ‘அசையாதே. வருகிறேன்’ என்று பதில் போட்டார். அவர் மட்டுமா வந்தார்? கொஞ்ச நேரத்தில் மைதானம் முழுக்க ஸ்கூட்டர்கள், ஆளுக்கொரு கேமரா.

“விடாதே, குத்து!” என்று ஒருவர் உற்சாகப்படுத்தினார்.

“உள்ள இருக்கிறவன் சளைச்சவன் இல்லை சார்!” என்றார் இன்னொருவர்.

மைதானமே சிரித்தது. தன் செய்தியைப் பார்த்துவிட்டு இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று ஸ்பீக்கருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் போனதும் அவளுடைய சிரிப்பு நின்றது. குருவி அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கியது. கொத்தியது. மறுபடி மூச்சு வாங்கியது. பக்கத்திலேயே புல்லில் பூச்சிகள் துள்ளிக்கொண்டிருந்தன. அது திரும்பியே பார்க்கவில்லை.

“அப்பா, கண்ணாடியை மடக்கிடலாம்பா.”

அப்பா இரண்டு பக்கமும் மடக்கினார். குருவி நேராகப் பறந்துபோய்ப் பல் டாக்டரின் ஸ்கூட்டர் கண்ணாடியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தது!

ஸ்பீக்கர் சுற்றிலும் பார்த்தாள். ஸ்கூட்டருக்கு இரண்டு கண்ணாடி. எத்தனை எதிரிகள்! எல்லாரையும் வரவழைத்ததும் அவள்தான்.

சட்டென்று தன் ஷூவைக் கழற்றினாள். சாக்ஸை உருவி அந்தக் கண்ணாடிக்கு மாட்டினாள். குருவி அடுத்த ஸ்கூட்டருக்குத் தாவியது.

“எல்லாரும் சாக்ஸைக் கழட்டுங்க!” அவளுடைய குரல் மைதானத்தின் கடைசி வரை போனது.

“இன்னும் ஒரே ஒரு படம், பாப்பா…” என்றார் ஒருவர்.

“அது இன்னும் ஒரு பூச்சிகூடத் தின்னலை அங்கிள். பட்டினியா எப்படி அவ்ளோ தூரம் பறக்கும்?”

கேமராக்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பல் டாக்டர்தான் முதலில் தரையில் உட்கார்ந்து ஷூவை அவிழ்த்தார். சாக்ஸில் பெருவிரல் அளவுக்கு ஒரு ஓட்டை. அதை மாட்டிய உடனே குருவி ஓட்டை வழியாக எதிரியைக் கண்டுபிடித்துவிட்டது! டொக்!

“கொடுங்க டாக்டர்,” என்று தையல்கார அக்கா பையிலிருந்து ஊசி நூலை எடுத்தார். ஓட்டை அடைபட்டது. பிரேக்கும் கிளட்சும் குழம்புகிற அந்தக் கால்களுக்கு மேலே இருந்தவை எவ்வளவு கெட்டிக்காரக் கைகள்!

கறுப்பு, சிவப்பு, கட்டம் போட்டது என்று எல்லாக் கண்ணாடிகளும் சாக்ஸ் போட்டுக்கொண்டன. குருவி இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. எதிரியைக் காணோம்.

“சாக்ஸ் நாத்தம் தாங்காம ஓடிட்டான் போல,” என்றார் அப்பா.

ஜெயித்துவிட்ட மிதப்பில் குருவி வாலை இரண்டு ஆட்டு ஆட்டியது. அப்புறம் புல்லில் இறங்கி ஒரு பூச்சியைப் பிடித்தது. உடனே இன்னொன்று. அப்பாடா! எல்லாரும் வெறுங்காலோடு, சத்தமில்லாமல் உட்கார்ந்து அது சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கர் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சில நாட்கள் அது அங்கேயே தங்கி உருண்டு திரண்டது. மைதானத்துக்கு வருகிறவர்கள் கையோடு பழைய சாக்ஸும் கொண்டுவந்தார்கள்.

ஒருநாள் காலையில் தையல்கார அக்கா மெயின் ரோட்டில் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். மைதானத்தின் பக்கமிருந்து ஒரு மஞ்சள் புள்ளி எழும்பி, மேலே மேலே ஏறி, வடக்குப் பக்கம் திரும்பியது.

“நிறுத்துங்க! நிறுத்துங்க!” இந்த முறை கத்தியது ஸ்பீக்கர் இல்லை, அப்பா. நடுரோட்டில் கார் நின்றது. அவர் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கையசைத்தார்.

பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. “யாருய்யா அது, நடுரோட்டுல?”

“கொஞ்சம் பொறுங்க சார்,” என்றார் அப்பா, வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. “ஊருக்குப் போறவங்களை வழியனுப்பிக்கிட்டு இருக்கோம்!”