ஆறிப்போன பாட்டில்

"என் தம்பியை இந்தக் கதிக்கு ஆளாக்கினவளைச் சும்மா விடக் கூடாது சார்!"

ஆபரேஷன் தியேட்டரின் தலைமை நர்ஸ் அழுதபடியே துப்பறிவாளர் முன் வந்து உட்கார்ந்தாள். குடல்வால் அறுவை முடிந்த தம்பி, வயிற்றில் சீழ் கட்டி, உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தான். கட்டு மாற்றிய வார்டு நர்ஸ்மீதுதான் பழி. அவளை வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று.

"தியேட்டர்ல குறையே கிடையாது. தம்பியாச்சேன்னு எல்லாத்தையும் நானே எடுத்து வச்சேன்."

துப்பறிவாளர் எதற்கும் பதறாதவர். அவருடைய மைத்துனனோ துப்புக் கிடைக்கும் முன்பே கைவிலங்கைத் தேடுகிற ரகம். "வார்டு நர்ஸ் கை கழுவலை, அத்தான். கேஸ் முடிஞ்சுது!"

"முதல்ல உன் வாய்க்கு ஒரு கட்டுப் போடணும், மாப்பிள்ளை. வா."

அறுவை செய்த டாக்டர் யோசித்துச் சொன்னார். "மேல்காயம் சுத்தமா இருக்கு, சீழெல்லாம் உள்ளேதான். இன்னொண்ணு. வயித்தைக் கழுவ ஊத்தின உப்புநீர் சில்லுனு இருந்துச்சு. அன்னிக்கு அதுக்கு முந்தின ஆபரேஷன்ல வெதுவெதுன்னுதான் இருந்துச்சு."

"உப்புநீர் பாட்டிலைச் சூடாக்குற பெட்டி ரிப்பேர்!" மைத்துனன் ஓடிப்போய்த் தொட்டான். பெட்டியும் உள்ளே இருந்த பாட்டில்களும் நல்ல சூடு. அசடு வழியத் திரும்பினான்.

மாலையில் எல்லாரையும் தியேட்டருக்கு வரச் சொன்னார் துப்பறிவாளர். வார்டு நர்ஸும் வந்து ஓரமாக நின்றாள்.

"கட்டு மாத்துற கை தோலைத் தாண்டாது. கிருமி ஆபரேஷன்லதான் போயிருக்கு. திறக்காத பாட்டிலெல்லாம் பெட்டியிலதான் இருக்கும், அதுலேருந்து எடுத்திருந்தா தண்ணி சூடா இருந்திருக்கும். ஆறிப்போச்சுன்னா, முந்தின ஆளுக்குத் திறந்து, மீந்து, வெளிய கிடந்த பாட்டில் அது. திறந்தா உடனே ஊத்தணும், மீதியைக் கொட்டணும். மூடியைத் திரும்பப் போட்டு வச்சாலும் கிருமி புகுந்துடும்." தலைமை நர்ஸைப் பார்த்தார். "பாட்டிலை எடுத்து வச்சது யாரும்மா?"



"நான்தான். முக்கால் பாட்டில் சார், கொட்ட மனசு வரலை. இறுக்கித்தானே மூடினேன்... எப்பவும் அப்படித்தானே வைப்பேன்!"

"எப்பவுமா?" டாக்டர் துள்ளி எழுந்தார். மைத்துனனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐயோ, இன்னும் எத்தனை பேரோ!

அப்போதுதான் தம்பி கண் விழித்த செய்தி வந்தது. அவள் ஓடினாள், மைத்துனன் பின்னாலேயே போனான்.

"என்னை இப்படிப் படுக்க வச்சது யாருன்னு தெரிஞ்சுதா, அக்கா?"

"நான்தான்டா."

"விளையாடாதே" என்று சிரித்து, அவள் கையைத் தேடினான். கொடுக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.