ஒன்பது வளைவுகள்

மழைக்கு ஒதுங்க ஓடி வந்தவளின் மூக்குக்கண்ணாடியை யாருடைய குடையோ தட்டிவிட்டது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்றாள் அவள்.

"எனக்கு நல்லாத் தெரியுது மேடம். இப்போதைக்கு உங்களுக்குத்தான் தெரியாது."

என்ன திமிர்! எதிரே இருந்த மங்கல் உருவம் குடையைப் போட்டுவிட்டு, நனைந்தபடியே குனிந்து தேடியது. சட்டைப் பையிலிருந்து விரல் நீளத் திருப்புளியை எடுத்து, கழன்ற காம்பை முடுக்கி, கைக்குட்டையில் துடைத்து நீட்டியது. மாட்டிக்கொண்டதும் அவள் முதலில் பார்த்தது அவன் கண்களைத்தான்... இமை நுனியில் மழைத்துளி... மன்னிப்புக் கேட்க நினைத்துச் சிரித்துவிட்ட கண்கள்...

"கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். கையோட இது இருக்கும்" என்றான்.

அவள் விறுவிறுவென்று படியேறி அலுவலகத்துக்குள் போனாள். அவனும் வந்தான்.

"எதுக்கு சார் பின்னாடியே வர்றீங்க?"

"வெளிநாட்டுப் பயணத்துக்கு ஏற்பாடு பண்ற ஆபீஸ் இதுதானே? அந்த மேடத்தைப் பார்க்கணும்."

அந்த மேடம் அவளேதான்.

வேறு ஊரில் இருக்கும் அண்ணன், அண்ணிக்குப் பத்தாவது கல்யாண நாள். வெளிநாட்டில் கார் எடுத்து அவர்களே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்ற வேண்டும், தம்பியின் பரிசு. அவன் எழுதி வந்த தாளைப் பார்த்தவளுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது.

"எட்டு நாள், ஏழு ஊர். உங்க அண்ணன் கல்யாண நாள் கொண்டாடப் போறாரா, தபால் பட்டுவாடா பண்ணப் போறாரா?"

"மேப்ல ஊருக்கு ஊர் மூணு மணி நேரம்தாங்க காட்டுது..."

"மேப்புக்குப் பசிக்காது சார். வழியில ஏரி தெரிஞ்சா இறங்கி நிக்கணும்னும் தோணாது."

பேனாவை எடுத்து நான்கு ஊர்களை அடித்தாள். விமானம் இறங்கும் நாளில் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. இருட்டுவதற்குள் அறைக்குப் போய்விட வேண்டும். காரைக் கடைசி ஊரிலேயே ஒப்படைத்துவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டாம். அவன் தலையாட்டினான். கேட்டானா, அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தானா... அவளுக்கும் தெரியவில்லை.

மறுநாள் மாலை ஒரு சந்தேகத்தோடு வந்தான். "அங்க வலது பக்கம் ஓட்டணுமா, இடது பக்கமா?" அடுத்த நாள், "டிக்கியில ரெண்டு பெட்டி பிடிக்குமா?" அதற்கடுத்த நாள் சந்தேகமே இல்லை. "கண்ணாடி லூசா இருக்கான்னு பார்க்கலாம்னு..." என்று இழுத்தான். அவள் பேசாமல் கழற்றிக் கொடுத்தாள். காம்பு இறுக்கமாகத்தான் இருந்தது. அவன் வெகுநேரம் முடுக்கினான்.

"ஏன் லேட்டு?" என்று கேட்ட அப்பாவிடம், "வேலைப்பா" என்றாள்.

ஐந்தாம் மாலை பாஸ்போர்ட் நகல்களைக் கொண்டு வந்தான். "இவங்கதான் அண்ணி" என்று மேஜையில் வைத்தான்.

படத்திலிருந்து பார்த்தது அவளுடைய அக்கா.

பத்து வருடம். கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது. இடது புருவத் தழும்பு அப்படியே இருந்தது... ஊஞ்சலிலிருந்து இவள் தள்ளிவிட்டதால் வந்த தழும்பு.

அம்மா இல்லாத வீடு அது. அப்பா நில அளவைத் துறையில் முப்பது வருடம் இருந்தவர். கோணலாக ஒரு கோடு விழப் பொறுக்கமாட்டார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கடிதத்தை வைத்துவிட்டு அக்கா தனக்குப் பிடித்தவரோடு போனாள். அவர் கத்தவில்லை. முன்னறைச் சுவரிலிருந்து அவள் படத்தைக் கழற்றினார். ஆணியைப் பிடுங்க மறந்தார். நிமிர்ந்தே நடந்த மனிதர் அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிறகு இவளைக் கூப்பிட்டு, "நீயாவது எனக்குத் தெரியாம எதுவும் செய்யாத" என்றார். பதின்மூன்று வயதில் தலையாட்டியவள், இன்றுவரை அந்த வார்த்தையை மீறியதில்லை.

"என்னாச்சு மேடம்?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு முழுத் திட்டத்தையும் அனுப்பிடறேன்."

அன்று அந்தத் திட்டத்தை அவள் திரும்ப எழுதினாள். அக்காவுக்கு மலைப்பாதை ஆகாது. மலையைச் சுற்றி, ஏரிக்கரையோரம் நீளமான சாலையைப் போட்டாள். ஆனாலும் கடைசி ஊருக்குள் இறங்க ஒரு சிறிய குன்றைத் தாண்டியாக வேண்டும். வரைபடத்தைப் பெரிதாக்கி எண்ணினாள். ஆறாம் நாள் பக்கத்தில், கை தன் போக்கில் எழுதியது: 'மொத்தம் ஒன்பது வளைவுகள். கண்ணை மூடி எண்ணினால் போதும்.'

சின்ன வயதில், பேருந்து மலையேறும்போது அக்காவுக்குக் குமட்டாமல் இருக்க அந்த வீடு வைத்திருந்த ஒரே மருந்து.

இரண்டு நாள் கழித்து வந்தான். சிரிப்பு இல்லை.

"அண்ணி அதைப் படிச்சுட்டு அழுதுட்டாங்க. எண்ணச் சொல்ற ஆளுங்க உலகத்துலயே ரெண்டு பேர்தான்னாங்க... நீங்கதான் அந்தத் தங்கச்சியா?"

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். கழற்றினால் அவன் முகம் தெரியாது. அதுதான் வேண்டியிருந்தது.

"நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்காங்க. ஃபோன்ல உங்க வீட்டு நம்பரை எடுப்பாங்க, பார்ப்பாங்க, வச்சுடுவாங்க." சற்று நிறுத்தினான். "நானும் ஒண்ணு சொல்லணும். மழையில உங்க கண்ணாடியை முடுக்கின அன்னிக்கே..."

"சொல்லாதீங்க."

"பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கா இல்லையான்னு..." கழற்றிய கண்ணாடியை மடித்தாள். "இதை உங்ககிட்ட முதல்ல சொன்னா நானும் அக்கா மாதிரி ஆயிடுவேன். முதல்ல சொல்ல வேண்டிய இடம் வேற."

"உங்க அப்பா வேண்டாம்னு சொல்லிட்டா?"

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். பின்னால் அவன் குடையை நீட்டியது தெரிந்தது. வாங்கவில்லை.

அப்பா முன்னறையில், வெற்று ஆணிக்கு நேர் எதிரே, முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். நனைந்த உடையோடு அவர் முன் நின்றாள்.

"அப்பா... உங்களுக்குத் தெரியாம ஒண்ணு செஞ்சுட்டேன். அக்காவும் அவ வீட்டுக்காரரும் வெளிநாடு போறாங்க. கார்ல. அதுக்கு நான்தான் வழி போட்டுக் குடுத்தேன்."

அப்பாவின் கையிலிருந்த செய்தித்தாள் அசையவில்லை. தாளுக்குப் பின்னாலிருந்து கேட்டார்:

"மலை இருக்கா?"

"ஒன்பது வளைவுதான்ப்பா."

"எண்ணச் சொன்னியா?"

"சொன்னேன்ப்பா..."

செய்தித்தாள் மெல்லத் தாழ்ந்தது. பத்து வருடம் அடக்கியதை அவள் ஒரே மூச்சில் அழுதாள். அழுகையோடேயே மீதியையும் சொன்னாள்:

"அதைக் கொண்டுபோய்க் குடுத்தவர், அக்கா வீட்டுக்காரரோட தம்பி. அவரை எனக்குப் பிடிச்சிருக்குப்பா. அவர்கிட்ட இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். வேண்டாம்னா வேண்டாம்... இதோட மறந்துடறேன்."

அவர் தாளை மடித்தார். ஓரங்களைச் சரியாகச் சேர்த்து, நாலாக மடித்தார். கண்கள் அந்த ஆணியிலேயே இருந்தன.

"இப்படித்தான்... இதே இடத்துல நின்னு, அவளும் ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சரின்னுதானே சொல்லியிருப்பேன்..."

நிமிர்ந்திருந்த அந்த முதுகு, அவள் பார்க்கப் பார்க்க, நாற்காலியில் மெல்லச் சாய்ந்தது.