கூட்டி எழுதிய இரண்டு வயது

அடுப்பில் தேநீர் பொங்கி வழிந்தது. தப்லெலெய் கவனிக்கவில்லை. தகரப் பெட்டியிலிருந்து எடுத்த மகனின் குழந்தைக்காலத் தடுப்பூசி அட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அதை எங்க கொண்டு போற?" வாசலை மறித்து நின்றார் சிகேய், இறந்துபோன கணவனின் அண்ணன்.

"கோர்ட்டுக்கு அத்தான். இன்னிக்குத் தீர்ப்பாச்சே..."

"செல்லம் குடுத்து மகனைக் கெடுத்த. இப்ப எங்களையும் உள்ள தள்ளப் போறியா? அந்தப் பொய்யில உன் கைநாட்டும் இருக்கு!"

"தெரியும் அத்தான். அதான் போறேன்."

போன வருஷம் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள். பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும். அவள் மகன் கிப்கெமெய்க்குப் பதினாறு. ஆனால் சிகேயின் மகனோடு ஒரே குடிலில் தங்கி விருத்தசேதனச் சடங்கு முடித்தவன். அப்படி முடித்தவர்கள் எல்லாரும் ஒரே வயதுதான் என்று சொல்லி, தன் மகன் பிறந்த வருஷத்தையே அவனுக்கும் எழுதவைத்தார் சிகேய். அவள் அழுதாள். பிறகு கைநாட்டு வைத்தாள். பள்ளிப்படிப்பு நின்றுபோன கோபத்தில் மகன் அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை.

போன மாதம் அவனும் செலங்கட் என்ற பதினாறு வயதுப் பெண்ணும் பஸ் ஏறி நகுருவில் இருக்கும் அவன் அத்தை வீட்டுக்கு ஓடிப்போனார்கள். பெண்ணின் அப்பா வழக்குப் போட்டார். காகிதத்தில் அவனுக்குப் பத்தொன்பது. வளர்ந்த ஆணுக்கான சிறை, பல வருஷம்.

கெரிச்சோ கோர்ட்டுக்குப் போகும் வண்டியில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மழையே வராத அந்த வருஷம்... வறட்சியில் பிறந்ததால்தான் கிப்கெமெய் என்று பெயர் வைத்தார்கள். முதுகில் அவனைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு நடப்பாள். வற்றிய பசுவிடம் கிடைத்த ஒரு குவளைப் பாலை அவன் அப்பா அவளிடமே நீட்டி, "எனக்குப் பசியில்ல புள்ள" என்பார். எவ்வளவு நல்ல பொய் அது!

நீதிபதி அம்மா அட்டையிலிருந்த முத்திரையையும் பிறந்த தேதியையும் பார்த்தார்.

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"பயந்துட்டேம்மா. வயசைக் கூட்டினது நான்தான். என்னை உள்ள போடுங்க. அவன் குழந்தைம்மா... அந்தப் பொண்ணைவிட ஒரே ஒரு வயசுதான் பெரியவன்!"

பின்வரிசையில் சிகேய் எழுந்தார். எப்போது வந்தாரோ!

"அவ இல்ல! எழுதவெச்சது நான். வேணாம்னு அழுதா... நான்தான் அதட்டுனேன்!"

"உக்காருங்க பெரியவரே," என்றான் நீதிமன்ற ஊழியன். "ஜெயிலுக்குப் போறதுக்கும் வரிசை இருக்கு."

நீதிபதி சிரிக்கவில்லை. அட்டையை இன்னொரு முறை படித்தார். இருவருமே குழந்தைகள், ஒரு வயது இடைவெளிக்காக ஒருவனை மட்டும் சிறைக்கு அனுப்ப முடியாது என்றார். நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பு; மறுபடியும் பள்ளிக்கூடம். பொய்க் காகிதத்துக்கு அவளும் சிகேயும் அடுத்த மாதம் வந்து பதில் சொல்ல வேண்டும்.

தாழ்வாரத்தில் சிகேய் தலை குனிந்து நின்றார். "காலைல வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன் தாயி..."

"அடுத்த மாசம் சேர்ந்தே வருவோம் அத்தான்."

விலங்கு கழற்றிய கைகளைத் தேய்த்தபடி கிப்கெமெய் வந்தான். சடங்கு முடித்த ஆண் அழக்கூடாது; தாயின் மடியில் சாயக்கூடாது. அப்பாவைப் புதைத்த அன்றுகூட அவன் அழவில்லை.

"அம்மா... எனக்குப் பதினேழுதானே?"

"பதினேழுதான்யா."

அவ்வளவு பேர் பார்க்க, அவள் தோளில் முகம் புதைத்துச் சத்தமாக அழுதான்.