பதினான்கு மணி நேரத் தூரம்

“எங்க அண்ணன் ஊர்லேர்ந்து இங்க வர விமானத்துல எவ்ளோ நேரம் சார் ஆகும்?” வந்து உட்கார்ந்ததும் அந்தப் பெண் கேட்டாள்.

ஒரு காலத்தில் புவியியல் பாடம் நடத்தியவர் என்பதால் துப்பறிபவருக்குப் ‘பூகோளம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஊர்ப் பெயரைக் கேட்டதும் சொன்னார். “பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். நேரா வந்தாலே பதினாலு மணி நேரம்மா.”

“அப்பா காலையில ஆறு மணிக்குப் போயிட்டாரு. உடனே அண்ணனுக்குப் போன் பண்ணேன். சாயங்காலம் நாலரைக்கு வாசல்ல பெட்டியோட நிக்கிறான். ‘பிள்ளைன்னா இப்படிப் பறந்து வரணும்’னு சொந்தக்காரங்க மெச்சுறாங்க. மூணு மாசம் அப்பாவைத் தூக்கி உட்கார வெச்ச எனக்கு ஒரு வார்த்தை இல்ல. அது போகட்டும். பத்தரை மணி நேரத்துல அவன் எப்படி வந்தான்? அப்பா தானாத்தான் போனாரா? எனக்கு அது தெரிஞ்சாகணும்.”

பூகோளத்தின் உதவியாளன் அவருடைய மச்சினன். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவனுக்கு அவல் கிடைத்தது. “கொலைதான் மாமா,” என்றான்.

அவர் அவனைக் கவனிக்கவில்லை. “அன்னிக்கு ராத்திரி அண்ணன் தூங்குனாரா?”

“நல்லாத் தூங்குனான். ஏழு மணிக்கு நான்தான் எழுப்பினேன்.”

“முன்னாடி வந்தப்ப?”

“மூணு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கே எழுந்து கூடத்துல நடந்துக்கிட்டு இருந்தான். அங்க அப்போ காலை எட்டு மணியாமே.”

மறுநாள் மருத்துவரைப் பார்த்துவிட்டு, அப்பா இருந்த அறைக்குப் பூகோளம் மச்சினனுடன் வந்தார். கட்டிலில் மெத்தை சுருட்டிக் கிடந்தது. மருந்து வாடை இன்னும் போகவில்லை. அண்ணன் நாற்காலியில் இருந்தான்; தங்கை கதவருகே நின்றாள்.

“தம்பி, அங்க காலை பத்துக்குக் கிளம்புற விமானம் இங்க சாயங்காலம் ஆறுக்கு இறங்கும். டிக்கெட்டைப் பார்த்தா எட்டு மணி நேரம்தான். ஆனா அது ரெண்டு ஊர்க் கடிகாரம். நடுவுல ஆறு மணி நேரம் ஒளிஞ்சிருக்கு. அதை மறந்துட்டீங்க. எட்டோட வீடு வந்து சேர்ற ரெண்டரை மணி நேரத்தைக் கூட்டி, அதுவரைக்கும் இங்கயே எங்கயோ காத்திருந்து வந்தீங்க. கடிகாரத்தைத் திருப்பி வெச்சுடலாம். உடம்பு திரும்ப நாலஞ்சு நாள் ஆகும். உங்களுக்கு முதல் ராத்திரியே தூக்கம் வந்துடுச்சு.”

“அப்ப கொலை—” என்று மச்சினன் ஆரம்பித்தான்.

“இல்லடா. நோய்தான். டாக்டருக்குச் சந்தேகமே இல்ல.”

அண்ணன் தரையைப் பார்த்தபடி பேசினான். “ரெண்டு மூணு நாள்தான்னு டாக்டர் சொன்னதும் கிளம்பி வந்தேன். ஆனா அப்பாவை அந்த நிலைமையில பார்க்கத் தெம்பில்ல. இருக்கிற லீவுல திரும்ப இன்னொரு தடவை வரவும் முடியாது. எல்லாம் முடிஞ்சதும் வரலாம்னு அஞ்சு நாள் லாட்ஜ்ல இருந்தேன்.”

“பையன் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாருடா. ரொம்ப தூரம்பா, உடனே வர முடியாதுன்னு நான் சமாதானம் சொன்னேன்.” தங்கை அவன் முன்னால் வந்து நின்றாள். “எந்த லாட்ஜ்?”

“மருந்துக் கடைக்கு எதிர்ல.”

“தினமும் அங்கதானே மருந்து வாங்க வந்தேன்.”

“ஜன்னல்லேர்ந்து பார்த்தேன்,” என்றான்.

அவள் அழவில்லை. அவனுடைய பெட்டியை எடுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்தாள்.

“லாட்ஜுக்குப் பத்து நிமிஷம்தான். நடந்தே போயிடு.”